சிதல் குடியிருந்த வீடு

பூவம்மாள் குளித்துவிட்டு வந்து, கூடத்துத் தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஈரத்தலையை உதறினாள். ஊன்றிய கையின் கட்டைவிரல் தூணுக்குள் போய்விட்டது.

அவள் கத்தவில்லை. விரலை உள்ளேயே வைத்துக்கொண்டு, "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று மட்டும் கூப்பிட்டாள்.

இராஜாங்கம் வந்து பார்த்தான். அவள் விரலை உருவியதும் மண்ணும் தூளுமாகப் பொலபொலவென்று கொட்டியது. வெள்ளையாய் நாலைந்து பூச்சிகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டு, மறுபடி உள்ளே ஓடின.

"செல்லு" என்றான் இராஜாங்கம்.

"யானையைக் கட்டினாலும் அசையாத தேக்குன்னீங்களே?"

"யானை கட்டினாத்தான் அசையாது."

"அப்ப மனுஷங்க சாயக்கூடாது. அப்படித்தானே?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. புளியஞ்சேத்தியில் பண்ணையாரின் நிலத்தை இராஜாங்கத்தின் அப்பா காலத்திலிருந்தே அவர்கள்தான் குத்தகைக்கு உழுதுவந்தார்கள். புது ஆட்சி வந்து, நிலத்துக்கு உச்சவரம்பு, குத்தகைக்குப் பதிவு என்று சட்டம் மேல் சட்டம் வந்ததும், பண்ணையார் பிறந்த குழந்தை பேரிலும் பிறக்கப்போகிற குழந்தை பேரிலும் நிலத்தைப் பிரித்து எழுதிவிட்டு மெட்ராசுக்குப் போய்விட்டார். போகும்போது காரியஸ்தர் கோவிந்தராசுவை அனுப்பி ஒரு பேச்சு பேசவைத்தார். "குத்தகையைப் பதிவு பண்றேன்னு ஆபீசு ஆபீசா அலையாத இராஜாங்கம். விட்டுக் குடுத்துடு. பதிலுக்கு ஐயா தான் குடியிருந்த வீட்டையே உன் பேருக்கு எழுதிக் குடுக்கறேங்கறாரு."

அந்த வீட்டின் வாசலைத் தாண்டி உள்ளே போகாதவன் இராஜாங்கம். கூடமும், வரிசையாய்த் தூண்களும், மேலே குறுக்கே ஓடும் உத்திரமும் கண்ணில் ஆடின. கையெழுத்துப் போட்டுவிட்டான். "சோறு திங்க ஒரு எடம் வாங்கியாச்சு. சோத்துக்கு?" என்று பூவம்மாள் அப்போதே கேட்டாள். இப்போது அந்த இடத்துக்கும் ஆபத்து.

ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் காலி டின் மாதிரி சத்தம் போட்டன. அண்ணாந்து பார்த்தான். உத்திரம் நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது. புரட்டாசி பாதி போய்விட்டது. ஐப்பசி மழை ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் வீடு தாங்காது. அன்றைக்கே சட்டி, பானை, பாய் எல்லாம் மாட்டுக் கொட்டகைக்கு மாறின. தொய்ந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு தென்னந்துண்டை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, இராஜாங்கம் மன்னார்குடிக்கு பஸ் ஏறினான்.

மன்னார்குடிக் கடைத்தெருவில் மீரா உசேன் மருந்துக்கடை வைத்திருந்தார். நெல்லுக்கு அடிக்கிற மருந்தும், செல்லுக்கு ஊற்றுகிற மருந்தும் அவரிடம் கிடைக்கும். ஆள் அனுப்பித் தூணில் துளை போட்டு ஊற்றியும் கொடுப்பார்.

"மருந்து இருக்கு, ஆளும் இருக்கு" என்றார் மீரா உசேன். "ஆனா பழைய மரவீட்டுக்கு இப்ப நாங்க கை வைக்கக் கூடாதுங்க. அதுக்குன்னு வாரியம் போட்டிருக்காங்க. அவங்க வந்து பாத்து, இருக்குன்னு சொல்லணும். அப்புறம் அவங்களே மருந்தடிப்பாங்க."

"இருக்குன்னுதான் நானே சொல்றேனே, பாய்."

"நீங்க சொல்லி என்ன, நான் சொல்லி என்ன. செல்லே வந்து சொன்னாலும் என் லைசென்சு போயிடும். வடக்கு வீதியில ஆபீசு. போயிட்டு வந்துடுங்க."

வடக்கு வீதியில் 'மர இல்லப் பாதுகாப்பு வாரியம்' என்று புதுப் பலகை மாட்டியிருந்தது. உள்ளே எழுத்தர் ஒருவர் நிமிராமலே, "என்ன?" என்றார்.

"வீட்ல செல்லு புடிச்சிருக்குங்க."

"அப்படி ஒண்ணு இல்லை."

"இருக்குங்க. என் கண்ணால பாத்தேன்."

"செல்லுன்னு ஒண்ணு வாரியத்துல இல்லைங்கறேன். கரையானும் கிடையாது. 'சிதல்'னு சொல்லுங்க. சங்க காலத்துச் சொல். அமைச்சரே தேர்ந்தெடுத்தது."

"சிதல் புடிச்சிருக்குங்க."

"அப்படிச் சொல்லுங்க. ஆதாரம்?"

மறுநாள் இராஜாங்கம் ஒரு தகர டப்பாவில் பூச்சிகளைப் பிடித்துப்போட்டுக் கொண்டுவந்தான். பஸ்ஸின் வெயிலில் எல்லாம் செத்துப்போயிருந்தன. எழுத்தர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "இதுல ஒழிக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் ஒழிஞ்சுதானே கிடக்கு. உயிரோட இருக்கற சிதலுக்குத்தான் வாரியம்" என்றார். அடுத்த தடவை ஈரத் துணி சுற்றி, தின்பதற்குத் தூணிலிருந்தே ஒரு சிராயும் போட்டு, குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அன்றைக்கு வாரியத்துக்கு விடுமுறை. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மூடியைப் பாதி திறந்து, மறுபடி மூடினான். திரும்பக் கொண்டுபோய்த் தூணிலேயே விட்டான்.

ஒருவழியாக ஆய்வாளர் வந்தார். பெயர் அரசப்பன். சைக்கிளுக்குப் பின்னால் சிப்பந்தி ஒருவன், ஒரு மரச்சுத்தியலையும் சிவப்புப் பெயிண்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அரசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி வலதுகால் வைத்துக் கூடத்துக்குள் போனார். ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் தட்டினார். காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "ம்" என்றார். சிப்பந்தி அந்தத் தூணில் சிவப்பாக ஒரு எண் போட்டான். கடைசித் தூணிலும் எண் விழுந்ததும் அரசப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்கய்யா தெரியுது?"

"வெளிப்பக்கம் நல்லா இருக்கு. எனக்கு வெளிப்பக்கம்தான் அதிகாரம். உள்பக்கம் துணை இயக்குநர் பாக்கணும்."

பூவம்மாள் தன் கட்டைவிரல் போன துளையைக் காட்டினாள். அரசப்பன் முகம் மாறியது. "அம்மா, ஆய்வுக்கு முன்னாடியே நீங்க மரத்தைச் சேதப்படுத்தியிருக்கீங்க."

"நான் சாஞ்சேங்க. வேற ஒண்ணும் பண்ணலை."

"அதைத்தான் சொல்றேன்." பிறகு தென்னந்துண்டு அவர் கண்ணில் பட்டது. "இது என்ன?"

"உத்திரம் விழாம இருக்க முட்டுக் குடுத்திருக்கேங்க" என்றான் இராஜாங்கம்.

"எடுத்துடுங்க. விழற மரமா விழாத மரமான்னு அப்புறம் எப்படித் தெரியும்? ஆய்வு முடியற வரைக்கும் வீடு தன் இயல்பான நிலையில இருக்கணும்."

சிப்பந்தியே அந்தத் தென்னந்துண்டை உருவிப்போட்டான். மேலேயிருந்து ஒரு ஓடு நழுவி விழுந்து உடைந்தது. அரசப்பன் அதை இயல்பான நிலையில் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் கொல்லைப்பக்கம் போனார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், இன்னும் பண்ணைக்கே சொந்தமான திடல். திடலின் ஒரு மூலையில் இராஜாங்கத்தின் தங்கச்சி அம்சத்தின் குடிசை. புருஷன் செத்தபிறகு பண்ணை வேலை செய்து தனியாகப் பிழைக்கிறவள். குடிசைக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று.

"மூலக் குடியிருப்பு இங்க இருக்கு!" என்று அரசப்பன் முதல் தடவையாக உற்சாகமானார். "உங்க வீட்டுக்கு வர்றதெல்லாம் போக்குவரத்துதான். எவ்வளவு காலமா இங்க இருக்காங்க?"

'இருக்காங்க' என்று மரியாதையாகச் சொன்னது பூவம்மாளுக்குப் புரியவில்லை. "பண்ணையாருக்கு முந்தியேர்ந்து இருக்குதுங்க" என்றாள்.

"முந்தியே இருந்தவங்க. நல்லது. மேலிடத்துல சொல்றேன். இவங்களை வெளியேத்தறதுக்கு அனுமதி வாங்கணும்."

"ஒழிக்கறதுக்குன்னு சொல்லுங்கய்யா."

"ஒழிப்புங்கற சொல்லை இப்ப விட்டுட்டோம். அது பழைய ஆட்சியோட மொழி. 'வெளியேற்றம்'தான் இப்ப. கண்ணியமா இருக்கு பாருங்க."

வெளியேற்றம் என்ற சொல் அம்சத்துக்குப் புதிதில்லை. அவள் குடிசையைக் காலி பண்ணச் சொல்லி காரியஸ்தர் கோவிந்தராசு வாரம் தவறாமல் வந்து மிரட்டிக்கொண்டிருந்தார். பண்ணையில் வேலை செய்கிறவர்களைக் குடியிருக்கிற இடத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. அதைக் கேட்டுத்தான் அம்சம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். வட்டாட்சியர் என்றால் தாசில்தார்தான். ஆள், நாற்காலி, மின்விசிறி எல்லாம் அதேதான். பெயர் மட்டும் மாறியிருந்தது.

"நீ அங்க குடியிருக்கேன்னு யாரு சொன்னது?" என்று அங்கே கேட்பார்கள்.

"நாந்தாங்க சொல்றேன்."

"நீ இங்கல்ல நிக்கறே?"

ஒருநாள் அண்ணனும் தங்கச்சியும் அந்த அலுவலக பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே வட்டாட்சியரும், வாரியத்தின் துணை இயக்குநர் நாகநாதனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கலெக்டர் அடுத்த வாரம் வர்றாரு சார்" என்றது வட்டாட்சியரின் குரல். "வெளியேற்றத்தைத் தடுத்து நிறுத்தினோம்னு காட்ட ஒரு கேஸாவது வேணுங்கறாரு. எங்க பாத்தாலும் தடுக்காத கேஸாவே இருக்கு."

"என்கிட்ட ஒரு வெளியேற்றம் நிலுவையில இருக்கே. புளியஞ்சேத்தியில" என்றார் நாகநாதன்.

"திடலா?"

"திடல்தான். பரம்பரையா இருக்காங்க. பண்ணையாருக்கும் முந்தி."

"பெரிய குடும்பமா?"

"எண்ண முடியாது. ஆனா தலைமை ஒரே ஒரு பெண். அந்தம்மா வெளியில வந்தே யாரும் பாத்ததில்லை."

"அடப்பாவமே" என்றார் வட்டாட்சியர். டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "இவ்வளவு பயமுறுத்தியா வச்சிருக்காங்க? உடனே தடை குடுத்துடறேன் சார். விழாவை அங்கேயே வச்சுக்குவோம்."

பெஞ்சில் அம்சம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, என் விஷயம்தான் பேசறாங்க." இராஜாங்கத்துக்கும் அப்படித்தான் பட்டது. எண்ண முடியாத குடும்பம் எது என்று ஒரு நிமிஷம் இடித்தது. ஆனால் ஆபீசில் ஒன்றைப் பத்தாகத்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டான். வீடு போனாலும் தங்கச்சி தப்பித்தாள். பஸ்ஸில் வரும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

விழாவன்று பண்ணையார் வீட்டு வாசலில் பந்தல், தோரணம், மைக் எல்லாம் வந்து இறங்கின. ஊரே திரண்டிருந்தது. இருந்த போலீஸும் கலெக்டர் பாதுகாப்புக்கு வந்துவிட்டது. இராஜாங்கமும் பூவம்மாளும் மேடைக்குப் பக்கத்தில் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டு வெடித்தபோது பின்னால் இருந்த வீட்டில் மரம் நெரிகிற சத்தம் கேட்டது. இராஜாங்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

முதலில் நாகநாதன் பேசினார்.

"ஆட்சித் தலைவர் அவர்களே! அருமைப் பெரியோர்களே! இந்த வாரியம் தொடங்கியபோது இந்த வட்டத்தில் சிதல் பிடித்த வீடு என்று பதிவானது ஒன்றே ஒன்றுதான். இன்று, எங்களுடைய அயராத உழைப்பின் காரணமாகச் சிதல் இல்லாத வீடே இல்லை என்று மார்தட்டிச் சொல்கிறேன்!" கைதட்டல். "மாளிகையில் இருந்த சிதலை மக்கள் வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது யார்? நாங்கள்! ஒரு சிதலையாவது அவசரப்பட்டுக் கொன்றோமா? இல்லை! ஆராய்ந்தோம், அளந்தோம், அறிக்கை தந்தோம், அமர்ந்தோம்! சிதல் உள்ளவரை வாரியம் இருக்கும். வாரியம் உள்ளவரை சிதல் இருக்கும்!"

கைதட்டல் அடங்குவதற்குள் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சலசலப்பு. அம்சம் வந்துகொண்டிருந்தாள். தலையில் பாய்ச்சுருட்டு, இடுப்பில் பானை, பானைக்குள் இரண்டு தட்டு. முகமெல்லாம் புழுதி.

"பிரிச்சிட்டாங்க அண்ணி" என்றாள் பூவம்மாளிடம். "கோவிந்தராசு ஆளுங்களோட வந்து, கீத்தை இழுத்துப் போட்டு, சுவரைத் தள்ளிட்டாரு. போலீசுக்கு ஓடினேன். அவங்க எல்லாம் இங்க நிக்கறாங்க."

மைக்கில் வட்டாட்சியர் வந்திருந்தார். "இன்று இந்த வட்டத்தின் வரலாற்றில் பொன்னான நாள். இந்தத் திடலில் பண்ணையாருக்கும் முன்பிருந்தே குடியிருந்துவரும் ஒரு பெரும் குடும்பத்தை வெளியேற்ற நடந்த முயற்சியைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். அதோடு விட்டேனா? அந்தத் திடலையே அவர்களுக்குப் பட்டாவாக ஆட்சித் தலைவர் பொற்கரங்களால் வழங்க ஏற்பாடு செய்திருக்கிறேன். குடும்பத் தலைவி அம்மையார் மேடைக்கு வரவும்!"

கூட்டம் விசிலடித்தது. நாகநாதன் வட்டாட்சியரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்.

"சார், அது சிதல்."

"யாரு?"

"குடும்பத் தலைவி. புத்துக்குள்ள இருக்கு."

சோடா பாட்டிலோடு நின்ற இராஜாங்கத்துக்கும் பூவம்மாளுக்கும் அது தெளிவாகக் கேட்டது. இராஜாங்கத்தின் கையிலிருந்த பாட்டில் தானாகப் பொங்கி வழிந்தது. வட்டாட்சியர் முகம் வெளுத்துவிட்டது. கலெக்டர் எழுந்து நின்று, பட்டாவைக் கையில் பிடித்துப் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பட்டாவில் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"தடையை வாபஸ் வாங்கிடலாமா?" என்றார் நாகநாதன்.

"கலெக்டர் கைதட்டிட்டாரு சார். கைதட்டினப்புறம் எப்படி வாங்கறது?"

இராஜாங்கம் வாயைத் திறந்தான். "ஐயா, அது செல்லு" என்று சொல்லத்தான் திறந்தான். பூவம்மாள் அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். அம்சத்தின் இடுப்பிலிருந்து பானையை வாங்கிக்கொண்டு, அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"போ அம்சம். உன்னைத்தான் கூப்புடறாங்க."

அம்சம் படியேறினாள். வட்டாட்சியர் அவளைப் பார்த்தார். கடவுளே நேரில் வந்த மாதிரி இருந்தது அவருக்கு. "பேரு? சீக்கிரம்!"

"அம்சமுங்க."

நின்ற நிலையில் எழுதினார். கலெக்டர் பட்டாவைக் கொடுத்துவிட்டுப் பரிவோடு குனிந்தார். "எத்தனை வருஷமாம்மா இங்க இருக்கீங்க?"

"தெரியலைங்கய்யா. நான் பொறந்ததே இங்கதான்."

"வெளியவே வர்றதில்லையாமே?"

"வெளியதாங்க நிக்கறேன்" என்றாள் அம்சம். "இப்பத்தான் வீட்டைப் பிரிச்சாங்க."

மைக்கில் அந்த நேரம் பாட்டுப் போட்டுவிட்டார்கள். கலெக்டர் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பந்தலைப் பிரித்தபிறகு, மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பூவம்மாள் அவளிடம் உள்ளதைச் சொன்னாள். அம்சம் நம்பவில்லை. இராஜாங்கத்தைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

"எத்தனை தடவை நடந்தேன்" என்றாள் அம்சம். "கால்ல விழுந்தேன். ஒருத்தன் நிமிர்ந்து பாக்கலை. செல்லுக்குக் குடுத்தாங்களா?"

மாடு அசைபோட்டது. அம்சம் பட்டாவை விரித்து, எழுத்துக்கூட்டித் தன் பெயரை மட்டும் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

"யாருக்குக் குடுத்தா என்ன. பேரு என்னுது."

ஐப்பசி முதல் மழையில், பட்டப்பகலில், எல்லாரும் வயலில் கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்தபோது பண்ணையார் வீடு உட்கார்ந்தது. இடிந்தது என்று சொல்ல முடியாது. களைத்துப்போன மாடு மாதிரி மெதுவாக மடங்கிப் படுத்தது. சத்தம் கேட்டு இராஜாங்கம் சேற்றோடு ஓடிவந்தான். குத்தகையும் போய், வீடும் போய், மழையில் நின்றபோது அவனுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இனி எதன் பேரில் இந்த ஊரில் நிற்பது?

"அண்ணே, நல்ல மரமா பாத்து எடு" என்றாள் பின்னால் வந்த அம்சம். "என் திடல்ல கட்டுவோம்."

'என் திடல்' என்று அவள் சொன்னது அப்போதுதான் அவன் காதில் முதல்முறையாக விழுந்தது. புற்றை வெட்டி எடுத்து, குழியில் மீரா உசேன் கடை மருந்தை ஊற்றினார்கள். புதுக் குடிசைக்கு வாரியம் கிடையாது என்று அவர் தாராளமாகவே கொடுத்தார். ஓட்டைத் தாங்கியிருந்த கைமரங்களில் உருப்படியானவற்றையும் ஓடுகளையும் பொறுக்கி, மழை விட்ட நேரங்களில் இரண்டு அறை எழுப்பினார்கள்.

தை பிறந்து அறுப்பும் முடிந்தபிறகு ஒருநாள் அரசப்பன் வந்தார். சிப்பந்தியின் முதுகில் மருந்தடிக்கிற டின். முகத்தில் பெருமை.

"அனுமதி வந்துடுச்சு இராஜாங்கம்! வெளியேற்றம் ஆரம்பிச்சுடலாம்." பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "வீடு எங்க?"

"விழுந்துடுச்சுங்க."

அரசப்பன் அனுமதித் தாளை எடுத்துப் புரட்டினார். "வீடு இருக்கணும்னு அனுமதியில சொல்லலை" என்றார். மண்மேட்டில் கிடந்த தூண் துண்டுகளில் சிவப்பு எண்களைத் தேடித் தேடி, எண் வரிசை மாறாமல் ஒவ்வொன்றுக்கும் மருந்தடிக்கச் சொன்னார். அது முடிந்ததும் மூலக் குடியிருப்பு என்று திடலுக்கு வந்தார்கள். இப்போது குழாயைத் தானே வாங்கிக்கொண்டார். புற்று இருந்த இடத்தை ஊகித்து, வெறும் தரையில் வட்டம் வட்டமாகத் தெளித்துக்கொண்டு போனார்.

சர்க்கார் ஆட்களைப் பார்த்துவிட்டுக் காரியஸ்தர் கோவிந்தராசு வேகமாக வந்தார். "சார், நல்ல வேளை வந்தீங்க. இந்தப் பொம்பளை பண்ணைத் திடல்ல வீடு கட்டியிருக்கா. இவளை யாருன்னு கேளுங்க."

"திடல்ல இருக்கறவங்க எங்க பதிவுல இருக்காங்களே" என்றார் அரசப்பன் தெளிப்பதை நிறுத்தாமல். "மூலக் குடியிருப்பு. பண்ணையாருக்கு முந்தி."

"யாரு, இவளா?"

அம்சம் அடுப்படியிலிருந்து அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். "ஆமாங்க, நாந்தான். உங்க ஐயா நடுவுல வந்தாரு, போயிட்டாரு. நாங்க முந்தியேர்ந்து இருக்கோம். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. சர்க்காரே சொல்லுது, கேட்டுக்குங்க."

கோவிந்தராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அரசப்பனின் குழாய் அவர் பக்கம் திரும்பியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மருந்து படும்."

கோவிந்தராசு தள்ளி நின்றார். அரசப்பன் தெளித்துக்கொண்டே முன்னால் வந்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார். வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு காரியஸ்தர் பின்பக்கமாகவே நகர்ந்தார். திடலின் எல்லை வந்தது. அதற்கு அப்பால் வாய்க்கால். அவர் வாய்க்காலுக்குள் ஒரு காலை வைத்து இறங்குகிறவரைக்கும் பார்த்துவிட்டு, உலை பொங்குகிற சத்தம் கேட்டு அம்சம் உள்ளே போனாள்.